சாப்பாட்டில் சேராதவை

"உடலுழைப்பு இல்லாத வாழ்க்கைமுறை. கட்டுப்பாடற்ற உணவுப் பழக்கம். கல்லீரலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. உறுப்பு தானம் செய்யத் தற்போது தகுதியற்றவர்."

அடையாறில் ஒரு பெரிய மருத்துவமனை, திருமதி கோமளம் பத்ரிநாராயணன், வயது நாற்பத்தொன்பது, என்பவரைப் பற்றி இப்படி எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தது. மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் யாரிடமாவது இதைப் படித்துக் காட்டியிருந்தால், ஆள் மாறிவிட்டது என்று சத்தியம் செய்திருப்பார்கள். கோமளம் அப்படியொரு ஒல்லி. கடற்கரைக்குப் போனால் காற்றுக்குப் பயந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று கணவரே கேலி செய்வார். மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். போகவர நடைதான். உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். ஏகாதசி தவறியதில்லை. சனிக்கிழமை இரவு சாதம் கிடையாது. வெங்காயமும் பூண்டும் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. கேக்கில் முட்டை இருக்குமோ என்ற சந்தேகத்திலேயே பல பிறந்தநாள்களை வாழ்த்துப் பாடலோடு முடித்துக்கொண்டு திரும்பியவள்.

"கட்டுப்பாடற்ற" என்ற சொல்லைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். "தகுதியற்றவர்" பிறகுதான் உறைத்தது.

கல்லீரல் தேவைப்பட்டது பத்ரிநாராயணனுக்கு. தி.நகரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்துப் போன பிறகு, மகள் மதுவந்தி வற்புறுத்தி டாக்டர் சக்திவேலிடம் கூட்டிப் போனாள். டாக்டர் முதலில் எல்லோரையும் கேட்பதையே கேட்டார்.

"சார், ட்ரிங்க்ஸ் பழக்கம் உண்டா?"

"காபி. டிகாக்‌ஷன் கொஞ்சம் தூக்கலா."

"அது இல்ல சார். மது."

"தீர்த்தம்தான் டாக்டர். கோவில்ல மூணு உத்தரணி."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர்கள் குடிகாரர்களின் கல்லீரலோடு வந்து உட்காருவது அவருக்குத் தினசரிக் காட்சி. சர்க்கரை நோய், தட்டு நிறையச் சோறு, சோற்றுக்குப் பின்னால் ஏதாவது ஒரு இனிப்பு, அதற்குப் பின்னால் ஒரு தூக்கம் என்று இருபது வருடம் ஓடினால், கொழுப்பு சத்தம் போடாமல் படிந்து, படிந்த இடம் தழும்பாகி, கல்லீரல் சுருங்கிவிடும். வலிக்கவே வலிக்காது. பத்ரிநாராயணனுக்கும் வலிக்கவில்லை. அந்த வகையில் நோய் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டது.

இனி வேறு கல்லீரல்தான் வழி என்றார் டாக்டர். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்குப் பெயர் பதிவு செய்தாயிற்று. அந்த வரிசை நீளம். சொந்தத்தில் யாராவது கொடுத்தால் சீக்கிரம் முடியும். மதுவந்தியின் ரத்தப் பிரிவு பொருந்தவில்லை. கோமளத்தினுடையது பொருந்தியது. ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் போதும், மிச்சம் மறுபடி வளர்ந்துவிடும் என்று அவர் விளக்கியபோது கோமளம், "வளர்ந்துடும்னா அப்பறம் என்ன? எடுத்துக்கோங்கோளேன்" என்றாள், தோட்டத்துக் கறிவேப்பிலையைச் சொல்வதைப் போல.

பிறகு எடுத்த ஸ்கேனில்தான் அவளுடைய கல்லீரலும் கொழுத்துக் கிடப்பது தெரிந்தது. ஒல்லியானவர்களுக்கும் வரும் என்றார் டாக்டர்; நம் ஊரில் நிறையவே வருகிறது.

"கொழுப்பு இருக்கிற ஈரலை வெட்டி வச்சா அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்தும்மா. ஆனா குறைச்சுடலாம். நாம சொல்றதைக் கேக்கிற உறுப்பு அது. பத்துல ஒரு பங்குக்குக் கீழ கொண்டு வாங்க, உடனே தேதி குறிக்கிறேன். சாருக்கு நாள் ரொம்ப இல்ல. டயட்டீஷியனைப் பாத்துட்டுப் போங்க. சாப்பாட்டுல கட்டுப்பாடா இருங்க."

கோமளம் டயட்டீஷியனைப் பார்க்கவில்லை. அந்த அறை வாசலில் கூட்டமாக இருந்தது. அதோடு, "பத்தியம் இருக்கறதுக்கு எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமாடி?" என்று மகளிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. நீந்தத் தெரிந்தவளிடம் கிணற்றைக் காட்டியாகிவிட்டது, குதிக்க வேண்டியதுதான் பாக்கி.

அது வைகாசி. அன்றிலிருந்து ஆடி வரை அந்த வீட்டில் நடந்த விரதங்களுக்கு ஒரு கோவில் நிர்வாகமே தேவைப்பட்டிருக்கும். ஏகாதசியோடு அமாவாசை, பௌர்ணமி. சனிக்கிழமையோடு வியாழன். பிறகு எல்லா நாளும் இரவில் சாதம் இல்லை. பரம வைஷ்ணவி, ஆபத்துக்குப் பாவமில்லை என்று கபாலீசுவரருக்கும் திங்கட்கிழமையை ஒதுக்கினாள். கணவர் பிழைக்க வேண்டும் என்று ஒரு வேண்டுதல், தன் ஈரல் இளைக்க வேண்டும் என்று இன்னொன்று. ஒரே விரதத்தில் இரண்டும் அடங்கியது சிக்கனமாகவும் இருந்தது. வெறும் வயிற்றில் தேன் கலந்த வெந்நீர். சர்க்கரையை நிறுத்தி வெல்லம். பசி தாங்காவிட்டால் சாத்துக்குடி ஜூஸ். கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது.

வாசலில் ஆட்டோ நிறுத்தும் வைரவன்தான் அவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வருபவன். அவன் ஒருநாள் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இன்னா மாமி, ஐயருக்கு உடம்பு சரியில்லன்னா நீ ஏன் துரும்பா பூட்ட?"

ஐயங்கார் என்று திருத்துவதை அவள் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. "விரதம்ப்பா" என்றாள்.

"அவுரும் சரக்கு அடிக்கல, நீயும் கறி துன்னல. உங்களுக்கே இப்டின்னா, என்னிய ஸ்கேன் எடுத்தா மிசினே ஓடிப்பூடும்."

வீட்டில் பத்ரிநாராயணனின் நிலைமை வேறு விதமாக இருந்தது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். அங்கே வடிகட்டிய பிறகுதான் மற்ற இடங்களுக்கு. அவருடைய கல்லீரல் அந்த வேலையை விட்டுவிட்டது. குடலில் கழிவு தங்கினால் அதன் நஞ்சு நேராக மூளைக்கு ஏறி, மனிதர் குழம்பிப் போவார். அதனால் அவருக்கு உப்பில்லாச் சாப்பாடு, நாள் தவறாமல் ஒரு பேதி மருந்து. அது தித்திப்பாக இருக்கும். கடைசியில் தனக்கு அனுமதித்த ஒரே இனிப்பு இதுதான் என்று அவர் சப்புக்கொட்டிக் குடிப்பார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் "சாப்ட்டேளா?" என்று கேட்டுக்கொண்டிருந்த கோமளம், இப்போது காலையில் "போனேளா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தரம். பஞ்சாங்கத்துல குறிச்சு வெச்சுக்கோ" என்பார்.

ஒருநாள் போகவில்லை. மருந்தை அம்மா கொடுத்துவிட்டாள் என்று மதுவந்தி நினைத்துக்கொண்டாள், மதுவந்தி கொடுத்துவிட்டாள் என்று கோமளம் நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் காபியோடு போனால், பத்ரிநாராயணன் சட்டென்று எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"வாங்கோ மாமி. நீங்க எந்தாத்து? எங்காத்து மாமி வெளில போயிருக்கா. இப்ப வந்துடுவா, உக்காருங்கோ."

கோமளம் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. காபியை அவரே அவள் பக்கம் நகர்த்திவைத்து, "சாப்டுங்கோ. அவ போட்டா இன்னும் நன்னா இருக்கும்" என்றார். அந்தப் பாராட்டை அவர் அவளிடம் நேரில் சொன்னதே இல்லை. மருந்து வேலை செய்து அவர் தெளிவதற்குச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை அவள் தன் வீட்டில் விருந்தாளியாக இருந்தாள்.

அந்த வாரமே இரண்டாவது ஸ்கேன். படுக்கும்போது பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் படுத்தாள். கொழுப்பு குறையவில்லை. ஒரு புள்ளி ஏறியிருந்தது.

டாக்டர் சக்திவேல் கோபப்படவில்லை. அவளைக் கையோடு டயட்டீஷியனின் அறையில் கொண்டுபோய் விட்டார். அங்கே இருந்த ஜுவேரியா திருவல்லிக்கேணிக்காரி. கோமளமும் அங்கேதான் பிறந்தவள் என்று தெரிந்ததும் எந்தத் தெரு என்று விசாரித்து, பால்கடை வரை வந்து, இருவரும் கொஞ்சம் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பிறகு ஜுவேரியா கேட்டாள்:

"நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?"

"நேத்து ஏகாதசி. ஒண்ணும் சாப்பிடலைம்மா."

"ஒண்ணுமேவா? தண்ணியோடயா இருந்தீங்க?"

"சாதம் சாப்பிடலை."

பக்கத்தில் இருந்த மதுவந்தி திரும்பிப் பார்த்தாள். "அம்மா, ரவா உப்புமா சாப்பிட்டியே. கேசரி பண்ணினியே."

"அது பலகாரம்டி."

ஜுவேரியா பேனாவை மூடி வைத்தாள். "அப்புறம்? வேற என்ன பலகாரம்?"

மற்ற விரத நாட்களில் கோதுமை தோசை. தொட்டுக்கொள்ள வெல்லம், நெய். சில நாள் சேமியா பாயசம், பெருமாளுக்குப் படைத்து அம்சை பண்ணிவிட்டு. கோவிலுக்குப் போனால் சக்கரைப் பொங்கல்; அங்கே நீட்டும்போது வேண்டாமென்று சொல்லக் கூடாது. கபாலி கோவிலில் பஞ்சாமிர்தம். கணவருக்கு உப்பில்லாமல் செய்து அவர் தொடாமல் வைத்தது வீணாகப் போகக் கூடாதென்று அதுவும். சொல்லச் சொல்ல கோமளத்தின் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவள் ஒன்றையும் மறைத்தவள் இல்லை. இதெல்லாம் சாப்பாடு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சாதம் சாப்பிட்டால் சாப்பாடு. சாதம் இல்லாவிட்டால் விரதம். பெருமாள் கண்ணால் பார்த்துக் கொடுத்ததில் கொழுப்பு இருக்கும் என்று எந்த ஆசார்யரும் எச்சரிக்கவில்லை.

"எங்க வீட்டுலயும் இதே கதைதாம்மா" என்றாள் ஜுவேரியா. "பகல் பூரா நோன்பு. சாயந்தரம் சமோசா, சர்பத், பேரீச்சம்பழம், ஃபிர்னி. மாசக் கடைசில எங்கம்மா, 'நோன்பு வச்சும் ஏன்டி குண்டாயிட்டேன்'னு என்னையே கேப்பாங்க. நோன்பு அல்லாஹ்வுக்கு, சமோசா யாருக்கும்மான்னு நான் கேப்பேன். அடிக்க வருவாங்க."

கோமளம் சிரிக்கவில்லை.

"அப்ப இந்த ரெண்டரை மாசம்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. ஜுவேரியாவும் முடித்து வைக்கவில்லை.

ஆட்டோவில் மதுவந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதேம்மா."

"அழலை. அவருக்காகத்தானேடி இருந்தேன்."

"தெரியும்மா."

"அவருக்கு மட்டும் தெரியப்டாது."

ஆனால் பத்ரிநாராயணன் எத்தனையோ பிள்ளைகளின் முகத்திலிருந்தே பரீட்சை முடிவைப் படித்த வாத்தியார். இரண்டே கேள்வியில் கறந்துவிட்டார். "எனக்காக வேண்டிண்டு உன் ஈரலுக்கு நெய் வார்த்துண்டிருந்திருக்கே. பெருமாள் குழம்பிப் போயிருப்பார் பாவம், எந்த மனுவை எடுத்துக்கறதுன்னு" என்றார். பிறகு, சிரிப்பு இல்லாமல், "நீ தப்பொண்ணும் பண்ணலை, கோமளா. நானும் அதைச் சாப்பிட்டுத்தான் இங்க வந்திருக்கேன்" என்றார். அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் விரதங்களை நிறுத்தினாள், சாப்பிட ஆரம்பித்தாள். வெல்லம், தேன், ஜூஸ், ரவை, மைதா, பொரித்தது எதுவும் இல்லை. தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ, இத்தனை நாள் வீம்பாக ஒதுக்கிவைத்த சாதம் ஒரு கரண்டி. மோர். குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு நார்ச்சத்து கிடைத்தால் குடலின் சுவரைக் காக்கும். கிடைக்காமல் இனிப்பும் எண்ணெயும் மட்டும் வந்தால் வேண்டாத கூட்டம் பெருகி, சுவர் இளகி, கசிவெல்லாம் கல்லீரல் தலையில் விழும் என்று ஜுவேரியா படம் போட்டுக் காட்டியிருந்தாள். கோமளத்துக்கு அது உடனே பிடிபட்டது. வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தளிகை பண்ண வேண்டும், அவ்வளவுதானே. அவரைக்காய், கீரைத்தண்டு, வாழைப்பூ என்று வாங்கிக் குவித்தாள். குதிரைக்குப் போடுவது என்று அவள் மாமியார் ஒதுக்கிய கொள்ளையும் வேகவைத்தாள்.

வெங்காயம், பூண்டு அந்த உயிர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வழக்கமில்லை என்றால் வேண்டாம், மற்றதே போதும் என்று ஜுவேரியா சொல்லியிருந்தாள். "எது சீக்கிரம்?" என்று மட்டும் கோமளம் கேட்டாள். "சேர்த்தா நல்லதுதான்" என்று பதில் வந்தது. மாட வீதியில் வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். மந்தைவெளியில் வாங்கி, பாட்டு நோட்டுகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அன்று மத்தியானம் பத்ரிநாராயணன் மூக்கை உறிஞ்சினார்.

"பக்கத்தாத்துல யாரோ புதுசா குடி வந்திருக்காளா?"

"இல்லை. நான்தான்."

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் வந்து உட்கார்ந்திருந்தார்.

புரட்டாசி சனிக்கிழமைகள்தான் கடினமாக இருந்தன. பெருமாள் கோவிலில் நெய் சொட்டும் பொங்கலைப் பட்டர் கையில் வைப்பார். அவள் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தொன்னையில் போட்டு, வெளியே காத்திருக்கும் வைரவனிடம் கொடுத்துவிடுவாள்.

"நீ கும்புடறே, நான் வெயிட்டு போட்டுக்கினு கீறேன். நல்லாக்கீது மாமி உன் நாயம்."

"சீக்கிரம் சாப்பிடுப்பா. என் கண்ணு முன்னால வேண்டாம்."

பிறகு பட்டினப்பாக்கம் கடற்கரையில் வேகநடை. அவளுக்கு முன்னால் டிராக்சூட் போட்ட நீதிபதிகள், பின்னால் நாய்கள்.

புரட்டாசி முடிவதற்குள் மூன்றாவது ஸ்கேன். டாக்டர் சக்திவேல் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாருங்கம்மா. இருபது வயசுப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது." கொழுப்பு பத்தில் ஒரு பங்குக்கும் வெகு கீழே. உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் அரசாங்கக் குழுவின் ஒப்புதலும் வந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை என்று தேதி குறித்தார். கோமளம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர், "எனக்கு வரப்போறது வெங்காய ஈரல்னு உங்காத்து மனுஷாகிட்ட சொல்லாதே" என்றார். அன்று இருவரும் நிறையச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல். வயிற்றைத் தொட முடியவில்லை. குடலில் இருக்க வேண்டிய கிருமி, வயிற்றில் தேங்கிய நீருக்குள் புகுந்துவிட்டது என்றார் டாக்டர். அது அடங்கினால்தான் கத்தியை எடுக்க முடியும். மருந்துகளை மாற்றிப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை சற்று நேரம் நினைவு தெளிவாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பச்சை அங்கியோடு போய் நின்றவளை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"சாப்ட்டியா?"

"ஆச்சு."

"பலகாரமா?"

"இல்லை. சாப்பாடு."

"நன்னா சாப்டு" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் பத்ரிநாராயணன் காலமானார்.

ஆடியிலேயே அவள் ஈரல் தயாராகியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கோமளம் டாக்டரிடம் கேட்டாள். அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்படி இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை.

பதின்மூன்றாம் நாள், சுபத்துக்கு, சித்திரக்குளத்து வீட்டில் உறவெல்லாம் கூடியது. வந்தவர்கள் அவள் இருந்த விரதங்களைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள். "வைகாசிலேர்ந்து என்னமா உபவாசம் இருந்தா! அந்தப் புண்ணியத்துலதான் அவர் இத்தனை நாளாவது தாங்கினார்" என்றாள் நாத்தனார். கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"விரதத்துலதான் நாள் போயிடுத்து" என்றாள் கோமளம்.

துக்கத்தில் பேசுகிறாள் என்று அவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள். இலையில் திருக்கண்ணமுதுப் பாயசம் விழுந்தது. இனிமேல் யாருக்காகப் பத்தியம், சாப்பிடு என்று நாத்தனார் கையைப் பிடித்து அழுத்தினாள். மதுவந்தி எழுந்து வெளியே போய்விட்டாள்.

கோமளம் கணவருக்குக் கொடுப்பதற்காகத் தன் கல்லீரலில் இருந்த கொழுப்பைக் கரைத்தாள். முதலில் தெரியாமல் ஏற்றிக்கொண்டாள், பிறகு தெரிந்து கரைத்தாள். கொடுக்கத் தகுதியானாள், கையெழுத்தும் போட்டாள். கொடுக்கவில்லை.